மறுதரவும் மறுபதிவும்: கடல் கடந்து இணைந்த துணையை நீலகிரிக்கு அழைத்துவருதல் – தாயகம் திரும்பியோர் இல்லறத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

அயல்நாட்டில் சேர்ந்து வாழ்ந்த இணையர் ஊர் திரும்பும்போது அவர்தம் உறவு இருவேறு அவைகளின்முன் நிறுவப்பட வேண்டியதாகிறது. ஒன்று ஊரும் உறவும், மற்றொன்று அரசு. 1964ஆம் ஆண்டின் இந்திய – இலங்கை ஒப்பந்தத்திற்குப் பின் நீலகிரிக்கு வந்த மலையகத் தமிழர் வாழ்வில் இவ்விரண்டும் முரண்பட்ட முறையை இக்கட்டுரை விளக்குகிறது. நெடுநாள் கூடிவாழ்ந்தமையைத் திருமணத்திற்குச் சான்றாகக் கொள்ளும் சட்டமரபு ஒருபுறமும், அயலார் அல்லர் என மெய்ப்பிக்கும் சுமையை ஆளின்மீதே ஏற்றும் சட்டமரபு மறுபுறமும் இருக்க, ஒரே வீட்டின் கணவனும் மனைவியும் வெவ்வேறு நாட்டினராக ஆக்கப்பட்டனர் என்பதும், அதன் விளைவு பிள்ளைகளின் குடியுரிமைவரை நீள்கிறது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: மறுதரவு, கரணம், தாயகம் திரும்பியோர், மலையகத் தமிழர், எமரால்டு, குடியுரிமை, கூடிவாழ்தல்.

முன்னுரை

தலைவனும் தலைவியும் ஊரைவிட்டு உடன்போவதைப் பாடிய அளவிற்கு, அவர்கள் திரும்பி வருவதைச் சங்க அகப்பாடல்கள் பாடவில்லை. எனினும் அத்துறை இல்லாமல் இல்லை. ஐங்குறுநூற்றின் பாலைப் பகுதியில் ஓதலாந்தையார் பாடிய இறுதிப் பத்து (391–400) ‘மறுதரவுப் பத்து’ என்றே பெயர் பெற்றுள்ளது. உடன்போய இருவரும் மீண்டு வருதலும், அவ்வரவை எதிர்நோக்கும் தாயின் நிலையும் அப்பத்தின் பொருள். அதன் 399ஆம் பாடலில் தாய் முன்வைக்கும் வேண்டுகோள் கவனத்திற்குரியது. சிலம்பு கழிக்கும் சடங்கு தலைவன் மனையில் நிகழ்ந்தாலும், வதுவை மணமாவது தம் மனையில் நிகழலாகாதா என்பது அவள் ஏக்கம். இருவரும் ஏற்கெனவே கூடி வாழ்ந்துவிட்டனர் என்பதில் அவளுக்கு ஐயமில்லை. அதனை எந்த வாசலில், யார்முன் ஒப்புக்கொள்வது என்பதே அவளுடைய கேள்வி.

தொல்காப்பியக் கற்பியலும் இந்நிலையை அறிந்திருந்தது. கொடுப்போர் கொடுக்கக் கொள்வதே கற்பு என்று கூறிய உடனேயே, இருவர் உடன்போய காலத்தில் கொடுப்போர் இன்றியும் கரணம் உண்டு என்று அது விதிவிலக்குத் தருகிறது. பொய்யும் வழுவும் தோன்றிய பின்னரே கரணம் வகுக்கப்பட்டது என்ற குறிப்பும் அவ்வியலிலேயே உள்ளது. உறவு முன்னது, சான்று பின்னது என்னும் வரிசை இதில் தெளிவு. இருபதாம் நூற்றாண்டில் கடல் கடந்து மீண்ட இணையர்க்கு இவ்வரிசை தலைகீழானது. சான்று முன்னதாயிற்று, உறவு அதன்பின் வரிசையில் நின்றது.

இருவரை இருநாட்டார் ஆக்கிய எண்கள்

‘வெளிநாட்டுத் துணை’ என்னும் தொடர் பொதுவாக மொழியாலும் உணவாலும் பழக்கத்தாலும் வேறுபட்ட ஒருவரையே நினைவூட்டும். மலையகத் தமிழர்க்கு அது பொருந்தாது. ஒரே தோட்டத்தில், அடுத்தடுத்த லயக் காம்பராக்களில் பிறந்து, ஒரே பெரட்டில் பேர்போட்டு, ஒரே மாரியம்மன் கோயிலில் தாலி கட்டிக்கொண்ட இருவர், தாளில் மட்டும் இருநாட்டவராயினர்.

இதன் தோற்றுவாய் இலங்கையின் 1948ஆம் ஆண்டு 18ஆம் எண் குடியுரிமைச் சட்டம். அது மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் செய்துகொண்ட ஒப்பந்தம் அந்நாடற்றோரை 9,75,000 பேர் என மதிப்பிட்டது. இவர்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும் என்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்யப்படும் என்றும் அது வகுத்தது. 1974 ஜனவரியில் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் அவ்வெச்சத்தையும் ஆளுக்கு 75,000 எனச் சரிபாதியாகப் பிரித்தனர். 1967ஆம் ஆண்டின் இலங்கை நடைமுறைப்படுத்தற் சட்டம் 7க்கு 4 என்னும் விகிதத்தைப் பின்பற்றியது. இந்தியாவிற்கு எழுவர் என்றால் இலங்கைக்கு நால்வர்.

இவ்வெண்கள் அனைத்தும் தலைகளின் எண்ணிக்கை. இல்லறத்தை அலகாகக் கொண்ட எண் ஒன்றும் அவற்றில் இல்லை. தந்தையின் விண்ணப்பத்தில் சேர்க்கப்பட்டு இந்தியக் குடிமகனாகப் பதிவான இளைஞன், இலங்கைக் குடியுரிமை கோரிய குடும்பத்துப் பெண்ணை மணந்தபோது, ஒரு காம்பராவிற்குள் இரு நாடுகள் புகுந்தன. இந்தியக் கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் பெற்றவர்க்கு வதிவிட விசாக் காலம் முடிந்ததும் புறப்பட வேண்டிய கட்டாயம் உண்டு. மற்றவர்க்குப் புறப்படும் உரிமை இல்லை. தலைமன்னார் நோக்கிச் சென்ற இரயிலை மலையக மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று அழைத்ததற்கு வறுமை மட்டும் காரணமன்று. 1984இல் தலைமன்னார் – இராமேசுவரம் கப்பல் நின்றபோது, கடவுச்சீட்டு வாங்கியும் புறப்படாதோர் பலர் அக்கரையிலேயே தங்கினர். முன்னே வந்தவர்க்கும் பின்னே நின்றவர்க்கும் இடையே கடல் மூடிக்கொண்டது.

தாயகம் திரும்பியோர் குறித்த ஆய்வுகள் வந்தோர் தொகை, பெற்ற கடன், ஏறிய வேலை ஆகியவற்றைப் பேசிய அளவிற்கு இணையரைப் பேசவில்லை. ஒப்பந்தம் எண்ணிய முறையையே ஆய்வும் எண்ணிவிட்டது எனலாம்.

எமரால்டு என்னும் சேரிடம்

வந்தோரில் கணிசமானவர்கள் நீலகிரியை அடைந்தனர். அவர்களுக்கு வேலை தரும் நோக்குடன் 1968இல் வனத்துறையின்கீழ் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் திட்டம், பின்னர் குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. கழக வேலை கிடைக்காதோரும், சமவெளி மாவட்டங்களில் குடியமர்த்தப்பட்டு அங்கே ஒட்டாமல் மலையேறியோரும் தனியார் தோட்டங்களையும் காய்கறி நிலங்களையும் நாடினர்.

உதகைக்குத் தென்மேற்கே உள்ள எமரால்டு இவ்வகையில் ஒரு கலப்பூர். கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடாவின் உதவியுடன் எழுந்த குந்தா நீர்மின் திட்டத்தின் எமரால்டு, அவலாஞ்சி நீர்த்தேக்கங்கள் அதன் எல்லையாய் அமைந்தன. சுற்றிலும் படகர் ஹட்டிகள்; அணை வேலைக்கு வந்த சமவெளியார்; தேயிலைக்கும் உருளைக்கிழங்கு, காரட் தோட்டங்களுக்கும் வந்த கூலியாட்கள். இத்தகைய ஊர்களில் இலங்கையிலிருந்து வந்தோர் ‘சிலோன்காரர்’ எனப்பட்டனர். இந்தியக் குடியுரிமையைக் கையில் வைத்திருந்தவரும் சிலோன்காரரே, இல்லாதவரும் சிலோன்காரரே. ஊரின் கண்ணில் கணவனும் மனைவியும் ஒரே வகையினர். வேறுபாடு காவல் நிலையத்தின் பதிவேட்டில்தான் தென்பட்டது.

‘தாயகம் திரும்பியோர்’ என்னும் அரசுச் சொல்லும் இங்கே ஆராயத்தக்கது. அட்டனில் பிறந்து வளர்ந்த மனைவிக்கு நீலகிரி தாயகமன்று. கணவனின் தாளில் எழுதப்பட்ட நாடு. அவள் திரும்பவில்லை, அழைத்துவரப்பட்டாள். மறுதரவில் தாய் காத்திருக்கும் மனை ஒன்று உண்டு. இவர்களில் பலர்க்கு அத்தகைய மனை பாட்டன் காலத்திலேயே கைவிட்டுப் போயிருந்தது.

கூடிவாழ்தலே சான்று

தோட்டத்து மணங்களில் பல வழக்கப்படி நிகழ்ந்து பதிவு பெறாமல் நின்றவை. ஆகவே ‘திருமணச் சான்று எங்கே’ என்னும் கேள்வி எழுந்த இடத்தில் இணையர் திகைத்தனர். ஆனால் சான்றில்லாத மணத்தைச் சட்டம் அறியாமல் இல்லை. அதனை அறிந்த தீர்ப்புகளுள் முதன்மையானவை இலங்கையிலிருந்தே எழுந்தன என்பது பலர் கவனியாத செய்தி.

1881இல் இலண்டன் பிரிவி கவுன்சில் தீர்த்த சாஸ்திரி வேலாயிடர் அரணகரி எதிர் செம்பெக்குட்டி வைகாலி வழக்கு இலங்கைத் தமிழர் மணம் ஒன்றைப் பற்றியது. ஓர் ஆணும் பெண்ணும் கணவன் மனைவியாகக் கூடி வாழ்ந்தமை மெய்ப்பிக்கப்பட்டால், மாறானது தெளிவாக நிறுவப்படாதவரை, அவர்கள் முறையான மணத்தின் வழியே வாழ்ந்தனர் என்றே சட்டம் ஊகிக்கும் என்பது அத்தீர்ப்பின் சாரம். இலங்கையிலிருந்தே சென்ற தினோகாமி எதிர் பாலகாமி வழக்கில் 1927இல் அதே கவுன்சில் இவ்வூகத்தை உறுதி செய்தது. இந்திய உச்சநீதிமன்றம் 1952இல் கோகல் சந்த் வழக்கில் இதனை ஏற்றது. எனினும் மறுக்கத்தக்க ஊகமே இது என்றும் சுட்டியது. 1978இல் பத்ரி பிரசாத் வழக்கில், ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கூடி வாழ்ந்தவர்களின் மணத்திற்கு அரை நூற்றாண்டு கழித்துப் புரோகிதரையும் சாட்சிகளையும் தேடச் சொல்வது முறையன்று என்னும் நிலையை அது மேற்கொண்டது. இவற்றுக்கு அடிப்படை 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம், பிரிவு 114. அவ்விதி 2023ஆம் ஆண்டின் பாரதிய சாட்சியச் சட்டத்தில் 119ஆம் பிரிவாகத் தொடர்கிறது.

பிற்காலத்தில் பதிவு செய்துகொள்ளவும் வழி உண்டு. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம், பிரிவு 15, வேறு முறையில் நிகழ்ந்த மணத்தைப் பின்னர்ப் பதிய இடமளிக்கிறது. சடங்கு நிகழ்ந்திருத்தலும், அன்றுமுதல் இருவரும் கணவன் மனைவியாகக் கூடி வாழ்ந்து வருதலும் அதன் முதல் நிபந்தனை. தொல்காப்பியர் கூறிய பின்வந்த கரணத்திற்கு மிக அருகில் நிற்கும் இக்காலச் சட்டவிதி இதுவே.

எல்லையில் மாறும் சுமை

இத்துணை இரக்கமுள்ள ஊகம் சொத்து வழக்கிலும் வாரிசு வழக்கிலும் பயன்பட்டது. எல்லையில் அது பயன்படவில்லை. 1946ஆம் ஆண்டின் அயல்நாட்டினர் சட்டம், பிரிவு 9, ஒருவர் அயல்நாட்டவரா என்னும் வினா எழுந்தால், அல்லர் என மெய்ப்பிக்கும் சுமையை அவர்மீதே சுமத்தியது. அச்சட்டத்தை நீக்கி 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த குடிவரவு மற்றும் அயல்நாட்டினர் சட்டமும் சுமையை அவ்வாறே வைத்துள்ளது. ஒரே பெண்ணை எடுத்துக்கொண்டால், அவள் மனைவி அல்லள் என்பவர் அதை நிறுவ வேண்டும். அவள் அயலாள் அல்லள் என்பதை அவளே நிறுவ வேண்டும். முதற்சட்டம் அவள் வாழ்ந்ததை நம்புகிறது; இரண்டாம் சட்டம் அவள் வைத்திருக்கும் தாளைக் கேட்கிறது.

கணவன், மனைவி என்னும் வேறுபாடும் இதில் உண்டு. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், பிரிவு 5(1)(இ), தொடக்கத்தில் இந்தியக் குடிமக்களை மணந்த ‘பெண்’களுக்கே பதிவுரிமை தந்தது. அதாவது இந்தியக் கணவன் இலங்கை மனைவியை அழைத்துவரலாம். இந்திய மனைவிக்கு இலங்கைக் கணவனை அவ்வழியே அழைத்துவர இயலாது. 1986ஆம் ஆண்டுத் திருத்தம் ‘பெண்’ என்பதை ‘ஆள்’ என மாற்றிய அதே வேளையில் ஐந்தாண்டு வசிப்பை நிபந்தனையாக்கியது; 2003ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை ஏழாண்டாக்கியது. கதவு இருபாலார்க்கும் திறந்தது, ஆனால் வாசற்படி உயர்ந்தது.

அக்கணவர்க்கு ‘இந்திய வம்சாவளியினர்’ என்னும் மற்றொரு வாயில் உண்டே எனலாம். உண்டு. ஆயின் இன்றைய சட்டவாசகப்படி அவரோ அவர்தம் பெற்றோருள் ஒருவரோ பிரிபடாத இந்தியாவில் பிறந்திருக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கங்காணியின் பின் கப்பலேறியவர்களின் கொள்ளுப்பேரருக்கு இது எட்டாத வாயில். தலைமுறை கூடக்கூட வம்சாவளி என்னும் வாயில் குறுகி, மணம் என்னும் வாயில் மட்டுமே எஞ்சுகிறது. 2003ஆம் ஆண்டுத் திருத்தம் அதிலும் ஒரு தாழ்ப்பாள் இட்டது. ‘சட்டவிரோதக் குடிபெயர்ந்தோர்’ யாரும் பிரிவு 5இன்கீழ்ப் பதிவு கோர முடியாது. 1983க்குப் பின் உரிய ஆவணமின்றிப் படகில் வந்து, இங்குள்ள இந்தியக் குடிமக்களை மணந்தோர் இதனால் வெளியே நின்றனர். 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் நாடுகள் பட்டியலில் இலங்கை இடம்பெறவில்லை. 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழ் ஏதிலியரைத் தண்டனை விதிகளிலிருந்து விலக்கிய 2025ஆம் ஆண்டு ஆணை அச்சத்தைக் குறைத்தது. குடியுரிமைச் சட்டத்தின் சொற்களை அது மாற்றவில்லை.

புதிய உடன்போக்கு

இன்று எமரால்டு போன்ற ஊர்களின் இளைஞர் கடல் கடப்பது வளைகுடாவிற்கும் சிங்கப்பூருக்கும் ஐரோப்பாவிற்கும் ஆகும். அங்கே இணைந்து வாழும் துணை தமிழராக இல்லாமலும் இருக்கலாம். ஐக்கிய அரபு அமீரகத்தில் மணமின்றிக் கூடி வாழ்தல் 2020 நவம்பர்வரை குற்றமாக இருந்தது. அங்கு மறைத்து வாழ்ந்த இணையரிடம் கூடிவாழ்ந்தமைக்கான சான்று இருக்க வாய்ப்பில்லை. எனவே 1881ஆம் ஆண்டுத் தீர்ப்பின் ஊகம் அவர்களுக்குக் கைகொடுப்பது அரிது. மணந்து வருவோர்க்கு 1969ஆம் ஆண்டின் அயல்நாட்டுத் திருமணச் சட்டம் ஏந்தாக உள்ளது. இருவருள் ஒருவர் இந்தியக் குடிமகனாயின் இந்தியத் தூதரகத்தின் திருமண அலுவலர்முன் மணக்கலாம். அந்நாட்டுச் சட்டப்படி நிகழ்ந்த மணத்தைப் பிரிவு 17இன்கீழ்ப் பதியலாம். பதிவு பெற்று ஈராண்டு தொடர்ந்து நிலைத்த மணத்தின் அயல்நாட்டுத் துணை, பிரிவு 7அ-இன்படி அயலகக் குடிமகன் அட்டை கோரலாம். மணம் நீதிமன்றத்தால் முறிக்கப்பட்டால் அட்டையும் நீக்கப்படலாம். எனவே துணையின் தங்கும் உரிமை மணத்தின் நிழலில்தான் நிற்கிறது. மணவாழ்வில் துன்புறும் ஒருவர் வெளியேற அஞ்சுவதற்கு இதுவே போதிய காரணம்.

அட்டை பெற்றவரும் வேளாண் நிலம், பண்ணை வீடு, தோட்ட நிலம் ஆகியவற்றை விலைக்கு வாங்க முடியாது. சென்னையில் அடுக்ககம் வாங்க எண்ணுவோர்க்கு இது பெருந்தடையன்று. தேயிலையும் காய்கறியுமே நிலமாக உள்ள எமரால்டில், கணவனுடன் ஆண்டுதோறும் காரட் அறுக்கும் பெண் அந்நிலத்தில் தன் பெயரில் ஒரு சென்ட்டும் வாங்க இயலாது என்பது அதன் பொருள்.

பிள்ளைகளின் பிறந்தநாள்

இம்முரண் முழுவடிவம் பெறுவது பிள்ளைகளிடத்தில். தந்தை தாயகம் திரும்பிய இந்தியக் குடிமகன். தாய் செல்லத்தக்க ஆவணமின்றி வந்த இலங்கையர். எடுத்துக்காட்டாக, இவர்களுக்கு எமரால்டில் மூன்று பிள்ளைகள் 1986, 1990, 2006 ஆகிய ஆண்டுகளில் பிறந்தனர் எனக் கொள்வோம். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்வரை இந்தியாவில் பிறந்தோர், பொதுவாகப் பெற்றோரின் நாடு நோக்காது, பிறப்பால் குடிமக்கள். ஆகவே மூத்த பிள்ளை இந்தியர். 1987 ஜூலை 1க்குப் பின் பெற்றோருள் ஒருவர் குடிமகனாதல் வேண்டும். இரண்டாம் பிள்ளையும் இந்தியர். 2004 டிசம்பர் 3க்குப் பின் பெற்றோருள் ஒருவர் குடிமகனாக இருந்தால் மட்டும் போதாது. மற்றவர் சட்டவிரோதக் குடிபெயர்ந்தோராக இருத்தலும் ஆகாது. கடைசிப் பிள்ளை பிறப்பால் இந்தியர் அல்லர். ஒரு வயிற்றில் பிறந்து, ஒரே நியாயவிலைக் கடை அரிசியை உண்டு வளர்ந்த மூவருள் ஒருவர் அயலார்.

இது வெறும் கற்பனைக் கணக்கன்று என்பதை நீதிமன்ற வழக்குகள் உணர்த்துகின்றன. இலங்கைப் பெற்றோர்க்கு மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த பெண் ஒருவர் 1987க்கு முந்தைய விதியின்படி இந்தியரே என்றும், அவருக்குக் கடவுச்சீட்டு வழங்க வேண்டும் என்றும் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022இல் தீர்ப்பளித்தது. அப்பெண்ணை இந்தியராக்கியது அவர் பெற்றோரின் மணமோ மரபோ அன்று, பிறந்த தேதி.

2004க்குப் பின் பிறந்தோர்க்கு எஞ்சிய வழிகளுள் ஒன்று குடியுரிமைச் சட்டத்தின் பிரிவு 5(4). சிறப்புச் சூழல் உண்டென மத்திய அரசு நிறைவடைந்தால் எந்தச் சிறாரையும் குடிமகனாகப் பதியலாம் என்கிறது அது. சிறார் என்பது பதினெட்டு வயது நிறையாதவரைக் குறிக்கும். 2006இல் பிறந்த பிள்ளைக்கு அவ்வயது 2024இலேயே கடந்துவிட்டது.